எத்தனை டன் கிரேன் போதும்? பளு தூக்கும் திறன் குறித்த விடைகள்: ஒரு மதிப்பீடு

கனமான பொருளைத் தூக்கி உரிய இடத்தில் வைக்க வேண்டிய எவரும் முதலில் கேட்பது, எத்தனை டன் கிரேன் வேண்டும் என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. உற்பத்தியாளர் ஒன்று சொல்கிறார். தர நிர்ணய அமைப்புகள் வேறொன்று சொல்கின்றன. வாடகைச் சந்தையும் சட்டமும் தத்தம் கோணத்தில் பதில் வைத்திருக்கின்றன. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய செங்கல், பாறசாலை, காரோடு பகுதிகளில் இக்கேள்வி இன்று ஏட்டளவில் நிற்பதில்லை. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை சுமார் 43 கிலோமீட்டர் நீளும் புறவழிச்சாலை, இப்பகுதியின் வயல்களையும் செம்மண் மேடுகளையும் கடந்து வருகிறது. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் பணி இவ்வழியே செல்கிறது. இதே வட்டத்தில் உள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. களியக்காவிளைக்கு அப்பால், மார்த்தாண்டத்தின் நெரிசலான கடைத்தெருவுக்கு மேல் சுமார் 2.5 கிலோமீட்டர் நீள எஃகு மேம்பாலம் 2018இல் திறக்கப்பட்டது. இன்னும் கிழக்கே முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. கர்டர், டிரான்ஸ்பார்மர், காற்றாலை இறக்கை என்று தூக்க வேண்டியவை பெருகியிருக்கும் இப்பகுதியை முன்வைத்து, இதுவரை சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. தூக்கும் திறனை இயந்திரத்துக்கு மட்டும் உரிய எண்ணாகக் கொள்ள முடியாது. இயந்திரம், தூரம், மண், காற்று, திட்டமிடும் மனிதர் ஆகியவை ஓரிடத்தில் கூடும்போதுதான் அது உருவாகிறது என்பது இதன் வாதம்.

பெயர்ப்பலகை சொல்லும் விடை

மிகப் பழையதும் இன்றும் மிகப் பரவலானதும் பெயர்ப்பலகை விடைதான். நாற்பது டன் பளு என்றால் ஐம்பது டன் கிரேன்; சந்தேகம் இருந்தால் எண்பது டன். இந்த வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே இடத்தில் ஊன்றிய, கை நீளம் மாறாத பழைய பளுதூக்கிகளுக்கு ஒற்றை எண் போதுமானதாக இருந்தது. பளு எப்போதும் ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் தொங்கியது. 1879இல் லண்டனில் ஹென்றி கோல்ஸ் தொடங்கிய தொழிற்சாலை போன்றவை தண்டவாளத்தில் ஓடும் நீராவி கிரேன்களைச் செய்தன. பிறகு லாரியின்மீது ஏறிய கிரேன்களும், ஹைட்ராலிக் விசையால் நீண்டு சுருங்கும் பூம் எனும் கைகளும் வந்தன. அப்போது இயந்திரம் மாறியது. அதைக் குறிக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இன்று 100 டன் கிரேன் என்பதன் பொருள், சுழல்மையத்திலிருந்து சுமார் 2.5 முதல் 3 மீட்டர் தூரத்தில், பூம் முழுக்கச் சுருங்கிய நிலையில் 100 டன் தூக்கும் என்பதே. லீப்ஹெர் நிறுவனத்தின் எல்டிஎம் 11200 வகையின் 1,200 டன் திறனும் 2.5 மீட்டர் தூரத்துக்குச் சொல்லப்படுவதுதான். அந்தத் தூரத்தில் பளு ஏறக்குறைய வண்டியின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மையான வேலை எதுவும் அங்கே நடப்பதில்லை.

ஆயினும் வாடகை பேசுவது டன் கணக்கில்தான். ஷிஃப்ட்டுக்கு இவ்வளவு என்ற விலையும் அந்த எண்ணை ஒட்டியே அமைகிறது. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் புரியும் ஒரே எண் அது என்பதால் அந்த வழக்கம் நீடிக்கிறது. அதன் குறை எளிய வேலைகளில் தெரிவதில்லை. பெரிய தூக்கலில்தான் வெளிப்படுகிறது. நம் சாலைகளில் எங்கும் காணும் ஹைட்ரா இதற்கு நல்ல சான்று. 14 டன் ஹைட்ரா அந்த எடையைத் தூக்குவது பளு முன்சக்கரத்துக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டுமே. பளுவைத் தொங்கவிட்டபடியே நடந்து, நடுவில் மடங்கித் திரும்பும் அந்த வண்டிக்கு, திரும்பும் கணத்தில் நிலைப்பாடு குறைகிறது. சரிவான பாதையில் மேலும் குறைகிறது. பழைய வடிவங்களில் ஆபரேட்டர் பூமுக்குப் பின்னால் அமர்வதால் முன்னால் நடப்பவரைப் பார்ப்பதும் கடினம். பல பெரிய கட்டுமானத் தளங்கள் அவ்வகை வண்டிகளைக் கட்டுப்படுத்தியதற்கும், முன்பக்கம் அறை வைத்த புதிய வடிவங்கள் வந்ததற்கும் இவையே காரணங்கள்.

அட்டவணை சொல்லும் விடை

இரண்டாவது விடை, உற்பத்தியாளர் தரும் லோடு சார்ட் என்னும் பளு அட்டவணை. பூமின் நீளம், சுழல்மையத்திலிருந்து பளுவுக்கு உள்ள கிடைத்தூரம், கவுன்டர்வெயிட் எனும் எதிர் எடையின் அளவு, அவுட்ரிகர் எனும் ஊன்றுகால்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பவற்றுக்கு ஏற்ப அட்டவணை ஒவ்வோர் எடையாகச் சொல்கிறது. இதன் அடிப்படை, கிணற்றில் நீர் இறைத்த துலாவின் கணக்கேதான்: கை நீள நீள, அதே எடை அதிகமாகக் கவிழ்க்கும். ஆனால் அட்டவணைக்குள் இரண்டு வேறு எல்லைகள் இருக்கின்றன. பளு அருகில் இருக்கும்போது எல்லையை வகுப்பது எஃகின் வலிமை; அதை மீறினால் பூம் வளையும் அல்லது முறியும். பளு தூரத்தில் இருக்கும்போது எல்லையை வகுப்பது நிலைப்பாடு. அதை மீறினால் கிரேன் சாயும். சாய்வதற்கு முன் பின்சக்கரம் மெல்ல எழும்புவதை உடம்பால் உணர்ந்து நிறுத்தும் திறமையைப் பழைய ஆபரேட்டர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. எஃகு முறியும் எல்லையில் அப்படி எந்த முன்னறிவிப்பும் கிடைக்காது. உடம்பின் உணர்வை நம்புவது ஆபத்தாவது இங்கேதான்.

அட்டவணை துல்லியமானது, ஆனால் அதைப் பயன்படுத்துவோர் தரும் தகவல் அதே அளவு துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு கணக்கைப் பார்க்கலாம். கர்டரின் எடை 38 டன். கொக்கி, ஷேக்கிள், வயர் ரோப், ஸ்பிரெடர் பீம் எல்லாம் சேர்ந்து 3 டன். ஆகத் தூக்க வேண்டியது 41 டன். ஒரு 100 டன் கிரேனின் அட்டவணை 9 மீட்டரில் 48 டன்னும் 10 மீட்டரில் 42 டன்னும் 12 மீட்டரில் 33 டன்னும் தருவதாக வைத்துக்கொள்வோம். இவ்வகை வண்டிகளுக்கு இது இயல்பான சரிவுதான். 9 மீட்டரில் திறனில் 85 விழுக்காடு பயன்படுகிறது. ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினால் ஏறத்தாழ முழுத் திறனும் தீர்ந்துவிடுகிறது. 12 மீட்டரில் அந்த வேலையே நடவாது. பளு ஏறும்போது பூம் வளைந்து கொடுப்பதால் தூரம் தானாகவே சற்றுக் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே கிரேனின் டன்னைவிட, அது எங்கே நிற்கும், பளு எங்கே இறங்கும் என்ற இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரமே தேர்வை முடிவுசெய்கிறது. நிற்குமிடம் மாறினால் கிரேனும் மாற வேண்டியிருக்கும்.

விழுக்காட்டு விடை

எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதில் தர நிர்ணய மரபுகளே ஒத்துப்போகவில்லை. வட அமெரிக்க மரபில், நிலைப்பாடு வகுக்கும் எல்லைக்குள், அவுட்ரிகரில் நிற்கும் கிரேனுக்குக் கவிழும் பளுவில் 85 விழுக்காடும், சங்கிலிப் பட்டையில் ஊரும் கிராலர் கிரேனுக்கு 75 விழுக்காடும் அனுமதிக்கப்பட்ட எடை. சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 4305 வேறு வழியில் செல்கிறது: அனுமதித்த எடையின் 1.25 மடங்கோடு, பூமின் எடையில் ஒரு பங்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்கிறது. நீண்ட பூமின் சொந்த எடையும் ஆபத்தில் பங்கு வகிக்கிறது என்ற புரிதல் இதில் உண்டு. இந்தியாவில் நகரும் கிரேன்களுக்கு ஐஎஸ் 4573, பாதுகாப்பான பயன்பாட்டுக்கு ஐஎஸ் 13367 ஆகிய தரநிலைகள் உள்ளன.

இவை அனைத்தும் அட்டவணைக்கு உள்ளேயே இருக்கும் மிச்சங்கள். அதற்கு மேலும் தளத்தில் மிச்சம் வேண்டுமா என்பதே சச்சரவு. ஒரு தரப்பு, அட்டவணை ஏற்கெனவே கழித்துத்தான் தருகிறது, மீண்டும் கழிப்பது வீண்செலவு என்கிறது. மறுதரப்பு, அட்டவணை உறுதியான தளம், ஏறத்தாழ முழு மட்டம், நிதானமான அசைவு, நேராகத் தொங்கும் பளு என்ற நிலைகளை முன்வைத்தே எண் தருகிறது, தளத்தின் நிச்சயமின்மைக்குத் தனி மிச்சம் தேவை என்கிறது. அமெரிக்க எஃகுக் கட்டுமான விதிகள், அட்டவணைத் திறனில் 75 விழுக்காட்டைத் தாண்டும் தூக்கலையும், ஒன்றுக்கு மேற்பட்ட கிரேன் சேர்ந்து தூக்குவதையும் தனிக் கவனத்துக்குரியவையாக வகுத்திருப்பது இந்த இரண்டாம் கருத்தின் வெளிப்பாடு. எளிய கணக்கும் அதன் பக்கமே நிற்கிறது. பூமின் நுனி 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது கிரேன் ஒரு பாகை சாய்ந்தாலே, நுனி அரை மீட்டருக்கு மேல் விலகும். மூன்று பாகைக்கு ஒன்றரை மீட்டர். மேலே கண்ட 41 டன் கர்டருக்கு மிச்சம் முழுவதையும் விழுங்க இதுவே போதும். எனினும் 75 என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை. மண்ணையும் தூரத்தையும் அளக்காமல் அந்த விழுக்காட்டை மட்டும் கடைப்பிடிப்பவர், அளந்து பார்த்து 85 வரை செல்பவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சொல்ல இயலாது.

மண் சொல்லும் விடை

அவுட்ரிகர் ஊன்றும் தரையைப் பற்றிய கேள்வி நெடுங்காலம் இரண்டாம் இடத்திலேயே இருந்தது. இப்பகுதியில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. செங்கல், பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் கெட்டியான செம்மண் மேடும் அதன் அடிவாரத்தில் ‘ஏலா’ எனப்படும் நீர் ஊறிய வயலும் சில அடி இடைவெளியில் மாறிமாறி வருகின்றன. வயலை நிரப்பிச் சாலை உயர்த்திய இடங்களில், மேலே செம்மண் தெரியும். கீழே களிமண் இருக்கும். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு தரைகள், பளுவைத் தாங்குவதில் பல மடங்கு வேறுபடக்கூடும்.

முன்சொன்ன கணக்கையே தொடரலாம். வண்டி 60 டன், கவுன்டர்வெயிட் 20 டன், தூக்கும் பளு 41 டன். மொத்தம் 121 டன். பூம் ஓர் அவுட்ரிகருக்கு மேலாகத் திரும்பும்போது மொத்தத்தில் முக்கால் பங்கு வரை அந்த ஒரு காலில் இறங்கலாம் என்பது வழக்கமான எச்சரிக்கை மதிப்பீடு. அதாவது சுமார் 91 டன். 60 சென்டிமீட்டர் சதுரத் தட்டின்மேல் அது இறங்கினால், சதுர மீட்டருக்கு 250 டன்னுக்கு மேல் அழுத்தம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள, வளையாத எஃகுத் தட்டோ கனமரப் பரப்போ அடியில் போட்டால், அது சதுர மீட்டருக்குச் சுமார் 15 டன்னாகக் குறையும். நன்கு இறுகிய செம்மண் இதைத் தாங்க வாய்ப்புண்டு. நீர் ஊறிய வயல்மண் சதுர மீட்டருக்கு ஐந்து டன்னையே சிரமத்துடன் தாங்கும். இரண்டு துண்டுப் பலகையை அடியில் செருகி வேலையைத் தொடங்கும் வழக்கத்தின் ஆபத்தை இந்த எண்கள் காட்டுகின்றன. மூடிய கிணறு, பழைய ஓடை, புதைத்த குழாய், அண்மையில் நிரப்பிய குழி ஆகியவற்றை எந்தக் கணக்கும் தானாகச் சொல்லாது. ஊரார் சொல்ல வேண்டும், அல்லது தோண்டிப் பார்க்க வேண்டும்.

நிலம் உறுதியில்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நெதர்லாந்தின் ஆல்ஃபன் நகரில் 2015 ஆகஸ்ட் 3 அன்று நடந்தது ஓர் உச்ச எடுத்துக்காட்டு. மிதவைகளின்மேல் நிறுத்திய இரண்டு நகரும் கிரேன்கள் ஒரு பாலத்தின் பகுதியைத் தூக்கும்போது சேர்ந்தே வீடுகளின்மேல் சரிந்தன. அடியில் இருந்த மிதவைகளின் நிலைப்பாடு போதாது என்று அந்நாட்டின் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. கிரேனின் அட்டவணை அசையாத தளத்தில்தான் செல்லும் என்பதை அந்த நிகழ்வு உணர்த்துகிறது.

காற்று சொல்லும் விடை

காற்றின் பங்கு உயரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் தொடக்ககாலக் காற்றாலைகள் சிறியவை. சுழலி ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் இருந்தது. இன்று நாட்டில் நிறுவப்படும் சில மெகாவாட் இயந்திரங்களில் அது 100 மீட்டரைத் தாண்டுகிறது. பழையவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுத்துவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்டது; ஆகவே இதே கணவாயில் பெரிய தூக்கல்கள் மேலும் வரக்கூடும். காற்று நிறைந்திருப்பதால்தான் அங்கே ஆலை வைக்கிறோம். அதே காற்றில்தான் இறக்கையைத் தூக்கவும் வேண்டியிருக்கிறது. இறக்கை எடையில் குறைவு, பரப்பில் பெரிது. ஐரோப்பிய அட்டவணைகள் பொதுவாக ஒரு டன்னுக்குச் சுமார் 1.2 சதுர மீட்டர் காற்றுப் பரப்பு என்று கொண்டே தமது காற்று வரம்பைத் தருகின்றன. அதைவிட அகன்ற பொருளுக்கு அனுமதித்த காற்று வேகம் குறையும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், நொடிக்கு 8 மீட்டரில் அமைதியாகத் தொங்கும் பொருள் 16 மீட்டரில் வேறு பொருளாகவே நடந்துகொள்ளும்.

அமெரிக்காவின் மில்வாக்கியில் 1999 ஜூலை 14 அன்று, ‘பிக் ப்ளூ’ எனப்பட்ட மாபெரும் கிரேன் விளையாட்டரங்கின் 400 டன்னுக்கு மேற்பட்ட கூரைப் பகுதியோடு சரிந்து மூன்று தொழிலாளர் இறந்தனர். கிரேன்மீது வீசும் காற்று கணக்கில் இருந்தது. தூக்கிய கூரைமீது வீசும் காற்று கணக்கில் இல்லை. எடையை வைத்து மட்டும் திறனை அளப்பதன் குறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

கருவியும் சட்டமும்

இவ்வளவையும் மனிதர் மறந்தாலும் கருவி நினைவூட்டும் என்பது நவீன காலத்தின் விடை. பூமின் கோணம், நீளம், பளு ஆகியவற்றை அளந்து, எல்லை நெருங்கும்போது ஒலித்து, மீறும்போது இயக்கத்தை நிறுத்தும் சேஃப் லோடு இண்டிகேட்டர் பல உயிர்களைக் காத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அவுட்ரிகருக்குக் கீழே உள்ள மண்ணை அறியாது. எவ்வளவு கவுன்டர்வெயிட் ஏற்றியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளில் ஆபரேட்டரே பதிவுசெய்கிறார். அங்கே தவறினால் திரை காட்டும் எண் முழுதும் தவறு. மேலும், பளு தரையை விட்டு எழுந்த பிறகுதான் அது பேசத் தொடங்குகிறது. தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்தியச் சட்டம் பெரிதும் இயந்திரத்தின் தகுதியையே பார்த்துவந்திருக்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் இயந்திரங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. கட்டுமானத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் வந்த 1998ஆம் ஆண்டு விதிகளும் கட்டுமானத் தளங்களுக்கு ஒத்த கடமைகளை விதித்தன. இவை தேவையானவையே. ஆனால் சோதனைச் சான்று கிரேன் பழுதின்றி இருக்கிறது என்று சொல்லும்; நாளை ஏலாக் கரையில் நடக்கப்போகும் தூக்கலுக்கு அது போதுமா என்று சொல்லாது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒவ்வொரு தூக்கலையும் தகுதியுள்ள ஒருவர் திட்டமிட வேண்டும் என்று வேலையின் பக்கமிருந்து தொடங்குகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதியில் 2023 ஜனவரி 22 இரவு, கோயில் விழாவில் கிரேன் சரிந்து நான்கு பேர் இறந்தது இந்த வேறுபாட்டின் கனத்தை உணர்த்துகிறது. கட்டுமானத் தளம் என்ற வரையறைக்கு வெளியே, விழாவுக்கும் ஊர்வேலைக்கும் வரும் கிரேன்களைத் திட்டமிடும் பொறுப்பு யாருக்கு என்பது நம் ஊர்களில் இன்னும் தெளிவாகவில்லை.

பெரிய கிரேனும் கிரேனில்லா வழியும்

இவ்வளவு சிக்கல் எதற்கு, ஒரு படி பெரிய கிரேனை வரவழைத்தால் போதாதா என்ற மறுப்பு நியாயமானது. பல வேளைகளில் அதுவே சரியான முடிவும்கூட. ஆனால் பெரிய கிரேன் தானும் கனமானது. அதன் அச்சுப் பளுவைச் சிறு கல்வெர்ட்டு தாங்க வேண்டும். கவுன்டர்வெயிட்டோடு தனி டிரெய்லர்கள் வர வேண்டும். அவுட்ரிகர் விரிக்க அகலமான இடம் வேண்டும். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காக மகாராஷ்டிரத்திலிருந்து புறப்பட்ட சுமார் 70 டன் இயந்திரம், ஏறத்தாழ ஓராண்டு பயணித்து 2020 ஜூலையில் திருவனந்தபுரம் வந்துசேர்ந்தது. கனம் என்பது சாலையிலும் ஒரு கேள்வி என்பதற்கு அது சான்று. இருபுறமும் மதிலும் தென்னையும் மின்கம்பியும் நெருங்கும் எல்லையோரச் சாலைகளில், பெரிய கிரேன் தள்ளி நிற்க நேர்ந்தால், கூடுதல் தூரமே அதன் கூடுதல் திறனைத் தின்றுவிடலாம். அருகில் நிற்க முடிந்த நடுத்தரக் கிரேன் அப்போது மேலாகக்கூடும்.

தூக்காமலே முடிப்பது இன்னொரு விடை. 660 டன் எடையும் 72.5 மீட்டர் நீளமும் கொண்ட புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி, பாலத்தின் மேலாகவே நகர்த்தப்பட்டு இடம் சேர்ந்தது. விழிஞ்ஞத்துக்கு 2023 அக்டோபரில் வந்த துறைமுகக் கிரேன்கள், முழுதாகப் பூட்டிய நிலையிலேயே கப்பலில் வந்து இறங்கின. நேரமும் தனிக்கருவியும் கேட்கும் இவ்வழிகள் சிறு வேலைகளுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் எந்தக் கிரேன் என்று கேட்பதற்கு முன் கிரேன் வேண்டுமா என்று கேட்பது பயனுள்ளது.

எங்கே நிற்கிறோம்

விடைகளை ஒருசேரப் பார்க்கும்போது, ஒவ்வொன்றும் முந்தையதன் குறையிலிருந்து பிறந்திருப்பது தெரிகிறது. எதுவும் முந்தையதை முழுதாக விலக்கவும் இல்லை. பெயர்ப்பலகை பேச்சைத் தொடங்க உதவும். அட்டவணை எல்லையைச் சொல்லும். விழுக்காடு நிச்சயமின்மைக்கு இடம் ஒதுக்கும். மண்ணும் காற்றும் அந்த ஒதுக்கீடு போதுமா என்று சொல்லும். கருவி கடைசி அரணாக நிற்கும். ஆகவே தேர்வு பளு இறங்கும் புள்ளியிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும்: எங்கே வைக்கிறோம், கிரேன் எங்கே நிற்க முடியும், இடைப்பட்ட தூரம் எவ்வளவு, கொக்கியோடு சேர்ந்த மொத்த எடை எவ்வளவு, அடியில் என்ன மண், எந்தக் காற்றில் நிறுத்துவோம். இவை எழுத்தில் வந்த பிறகு டன் என்ற எண் கிட்டத்தட்டத் தானாகவே கிடைத்துவிடும். இது செலவைக் கூட்டும் என்ற மறுப்பு ஓரளவே பொருந்துகிறது. தேவையின்றிப் பெரிய வண்டி வருவதையும் பொருந்தாத வண்டி திரும்பிப் போவதையும் அதே தாள் தவிர்க்கிறது.

திறந்தே நிற்கும் கேள்விகள் சில உண்டு. நிச்சயமின்மை அதிகமுள்ள சிறு தளங்களுக்கு எத்தனை விழுக்காட்டு மிச்சம் நியாயம் என்பதற்குப் பொது ஒப்புதல் இல்லை. ஒற்றை எண் சாத்தியமா என்பதே ஐயத்துக்குரியது. மண் சோதனைக்குப் பொறியாளர் இல்லாத ஊர்வேலைகளில், எளிதாகச் செய்யத்தக்க நம்பகமான தரைச் சோதனை எது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. வாடகைக்குத் தருபவர், வேலையைக் கொடுப்பவர், ஆபரேட்டர் ஆகிய மூவரில் இறுதிப் பொறுப்பு யாருடையது என்பது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகே விவாதிக்கப்படுகிறது. இவற்றுள் மூன்றாவதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. கணக்கிடும் முறைகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக் கையொப்பமிட ஒருவர் கடமைப்பட்டிருந்தால், மண்ணைப் பார்க்கவும் தூரத்தை அளக்கவும் காரணம் பிறக்கும். அந்தக் கடமை சிறு தூக்கல்களுக்கும் விழாக் கிரேன்களுக்கும் எவ்வாறு நீள வேண்டும் என்பதை ஊராட்சிகளும் மாநில அரசுகளும், குறிப்பாக ஒரே வண்டி காலையில் ஒரு மாநிலத்திலும் மாலையில் மறு மாநிலத்திலும் வேலை செய்யக்கூடிய இந்த எல்லையோரத்தில், சேர்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.